கழற்றிய நகை எங்கே போயிற்று?

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் விசுவாசத்தைப் பற்றி இரண்டு பேர் உட்கார்ந்து பேசத் தொடங்கினால், பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் நகையில் வந்து நிற்கும். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர், "ஞானஸ்நானம் எடுத்த பிறகும் காதில் கம்மல் கிடந்தால் உலகத்தாருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்பார். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலுக்குப் போகிறவர், "கர்த்தர் கம்மலையா பார்க்கிறார்? இருதயத்தை அல்லவா பார்க்கிறார்?" என்று திருப்பிக் கேட்பார். என் பிறந்த வீட்டார் பல தலைமுறையாக சி.எஸ்.ஐ.; புகுந்த வீட்டில் பாதிப் பேர் பெந்தெகொஸ்தே. ஆகையால் இந்த வாக்குவாதத்தை இரண்டு வீட்டுத் திண்ணைகளிலும் இருந்து கேட்டு வந்திருக்கிறேன். கேட்கக் கேட்க, இருவருமே ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஒருவர் தம்முடைய வெறுங்காதைக் காட்டிக் கேள்விகளிலிருந்து தப்பிக்கிறார்; மற்றவர் யாராலும் பார்க்க முடியாத தம்முடைய உள்ளத்தைக் காட்டித் தப்பிக்கிறார். முதலாமவரைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். இரண்டாமவரைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை.

"கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்" என்ற வாக்கியம் சாமுவேலின் முதலாம் புத்தகம் 16ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஈசாயின் மூத்த மகன் எலியாபின் உயரத்தையும் தோற்றத்தையும் கண்டு, அரசனாக அபிஷேகம் பெறப்போகிறவன் இவன்தான் என்று தீர்க்கதரிசி சாமுவேல் எண்ணும்போது, "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்" என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. பிரசங்கங்களில் கதை பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். ஆனால் ஐந்து வசனம் தள்ளிப் போனால், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாவீதை அழைத்து வருகிறார்கள். உடனே கதை சொல்கிறவர் அவனுடைய சிவந்த மேனியையும் அழகிய கண்களையும் நல்ல ரூபத்தையும் வர்ணிக்கத் தொடங்கிவிடுகிறார். மனிதர் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று வேண்டியதில்லை. அடுத்த அதிகாரத்தில் இன்னும் கூர்மையான ஓர் இடம் இருக்கிறது. அண்ணன்மாருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போர்க்களத்துக்கு வந்த தாவீதைப் பார்த்து, உன் இருதயத்தின் அகங்காரம் எனக்குத் தெரியும் என்று சீறுகிறான் எலியாப். இருதயத்தைப் பார்த்துத் தள்ளப்பட்ட அதே எலியாப், தம்பியின் இருதயத்தைத் தான் பார்த்துவிட்டதாகச் சொல்கிறான். சொல்வது தவறாகவும் இருக்கிறது.

இந்த இரண்டு காட்சிகளையும் சேர்த்து வாசித்தால், இருதயத்தைப் பார்ப்பது கர்த்தருக்கு உரிய வேலை என்பது மட்டுமே உறுதியாகத் தெரிகிறது. பிறருடைய இருதயத்தை அளக்க நமக்கு அதிகாரம் உண்டு என்றோ, கண்ணுக்குத் தெரிகிற எங்கள் நடத்தையை யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்றோ அந்த வசனம் யாருக்கும் சலுகை தரவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட தாவீதின் இருதயமும் அப்படியே சுத்தமாக இருந்துவிடவில்லை; தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவைப் போர்முனையில் சாகவிட்டவனும் அவன்தான். "சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்று 51ஆம் சங்கீதம் கெஞ்சுகிறது. அந்தச் சங்கீதத்தின் தலைப்பு அதை அந்தக் குற்றத்தோடுதான் சேர்க்கிறது. சுத்த இருதயம் தன்னிடம் இருக்கிறது என்று வாக்குவாதத்தில் எடுத்து வைக்கிற ஆள் அங்கே இல்லை. அது தன்னிடம் இல்லை என்று அறிந்து கேட்கிற ஆள்தான் இருக்கிறான்.

நகை விஷயத்துக்கு வருகிறேன். திருநெல்வேலிச் சீமையில் பெண்ணின் நகை என்பது வெறும் அலங்காரமாக ஒருபோதும் இருந்ததில்லை. காது வளர்த்து, தோளைத் தொடும் அளவுக்குத் தொங்கவிட்டுப் பாம்படம் அணிந்த பாட்டிமாரை என் தலைமுறையினர் கடைசியாகப் பார்த்திருக்கிறோம். அந்தப் பாம்படத்தின் எடை குடும்பத்தின் எடை; அதைக் கழற்றினால் ஒன்று கடன், அல்லது சாவு. 1896இல் திருநெல்வேலிப் பகுதிக்கு வந்து, பின்னர் டோனாவூரில் தங்கிவிட்ட ஏமி கார்மைக்கேல் அம்மையாருடன் ஊர் ஊராகச் சென்ற தமிழ்ப் பெண்கள் தாங்களாகவே நகைகளைக் கழற்றியபோது, ஊரும் உறவும் கொதித்ததற்குக் காரணம் அதுவே. மங்கலமும் மானமும் பொன்னில் இருப்பதாக நம்பிய ஒரு சமூகத்தில், உயிரோடிருக்கும் குடும்பத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி வெறுங்கழுத்தோடு தெருவில் நடப்பது சாதாரணக் காரியம் அல்ல. 1920களில் கொழும்பில் தொடங்கி, பின்னாளில் தாம்பரத்துக்கு அருகே இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்ட சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் இதை இன்னும் கண்டிப்பான ஒழுங்காக்கியது. அதன் ஊழியர்கள் இன்றும் வெள்ளை உடையில்தான் இருப்பார்கள். விசுவாசிகளிடமும் பொட்டு நகை காண முடியாது. தமிழ்நாட்டில் வளர்ந்த வேறு பல பெந்தெகொஸ்தே சபைகளும் இதே வழியில் நடந்தன.

இதைக் கேலி செய்வது எளிது. எங்கள் சி.எஸ்.ஐ. உறவுக்காரர்கள் அதைத் திறம்படச் செய்வார்கள். ஆனால் பெந்தெகொஸ்தே சபைத் திருமணம் ஒன்றில் பெண்கள் பக்கத்து நாற்காலி வரிசையைச் சற்று நிதானமாகப் பார்த்தவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள். கூலிவேலைக்குப் போகிற பெண்ணும் நிலபுலம் உள்ள வீட்டுப் பெண்ணும் ஒரே மாதிரி வெறுங்காதோடு அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். இரவல் சங்கிலி வாங்கப் பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டியதில்லை, அடகில் இருக்கிற வளையலைப் பற்றி யாரும் விசாரிக்கப்போவதில்லை, கவரிங் என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று சேலைத் தலைப்பால் கழுத்தை மூட வேண்டியதுமில்லை. பவுன் கணக்கில் பெண்ணை எடைபோடுகிற ஊரில் இது சிறிய விடுதலை அல்ல. வெளிப்புறத்தில் செய்யப்பட்ட ஒரு மாற்றம், ஏழைப் பெண் ஒருத்தியின் வெட்கத்தைப் போக்கியிருக்கிறது. இருதயம் மட்டும் போதும் என்று சொல்லிக்கொண்டு காசுமாலையும் நெளிவளையலுமாகக் கோயிலுக்கு வருகிறவர்களால் அவளுக்கு இந்த நன்மையைச் செய்ய முடியவில்லை.

ஆனால் ஒழுங்கு என்று ஒன்று வந்துவிட்டால், அதைச் சுற்றிக்கொண்டு போகிற வழியும் கூடவே வந்துவிடும். பேதுருவின் முதலாம் நிருபம் மூன்றாம் அதிகாரத்தைத்தான் நகைக்கு எதிராக எப்போதும் எடுத்துக் காட்டுவார்கள். மயிரைப் பின்னுவது, பொன்னாபரணம் அணிவது, உயர்ந்த வஸ்திரம் உடுத்துவது என்று மூன்றை அந்த வசனம் ஒரே வரிசையில் வைக்கிறது. புறம்பான அலங்கரிப்பு வேண்டாம், இருதயத்தில் மறைந்திருக்கிற குணமே அலங்காரமாயிருக்கட்டும் என்று சொல்கிறது. சடை பின்னக்கூடாது என்று எந்தச் சபையிலும் நான் கேள்விப்பட்டதில்லை. பட்டுச்சேலைக்கும் பெரும்பாலும் தடை இல்லை. மூன்றில் ஒன்று மட்டும் சட்டமாயிற்று. அந்த ஒன்றிலும், பொன்னிறக் கைக்கடிகாரம் நேரம் பார்க்கிற கருவி என்ற கணக்கில் தப்பித்துக்கொண்டது. ஆண்களின் விலையுயர்ந்த காரும் கைப்பேசியும் அலங்கரிப்பு என்ற பட்டியலுக்கு அருகில்கூட வரவில்லை. சட்டம் முழுவதும் பெண்ணின் காதிலும் கழுத்திலும் மட்டுமே நிறைவேற்றப்பட்டது என்பதை ஆண்கள் யாரும் பிரசங்கத்தில் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை.

அதைவிட முக்கியமான கேள்வி வேறு. கழற்றிய நகை எங்கே போயிற்று? விற்று ஊழியத்துக்கோ ஏழைகளுக்கோ கொடுத்தவர்கள் உண்டு. அவர்களை நான் அறிவேன், மதிக்கிறேன். ஆனால் பெரும்பாலும் அது வங்கிப் பெட்டகத்துக்குப் போகும். அங்கே யாருடைய கண்ணையும் உறுத்தாமல், விலை ஏற ஏறத் தானும் வளர்ந்துகொண்டிருக்கும். திருமணப் பேச்சு வரும்போதுதான் அது மறுபடியும் வெளியே வரும், வேறு உருவத்தில். எங்கள் உறவில் நடந்த அப்படியொரு பேச்சில் நானும் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் ஜெபத்தோடுதான் தொடங்கினார்கள். "எங்களுக்கு நகை வேண்டாம், நாங்கள் நகை போடுகிறவர்கள் இல்லை" என்று பெரியவர் ஒருவர் சொன்னார். பெண்ணின் தகப்பனார் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பிறகு அவரே, மிகவும் தாழ்ந்த குரலில், "நீங்கள் பெண்ணுக்கு எத்தனை பவுன் போடுவதாக நினைத்திருந்தீர்களோ, அதை நிலமாகவோ ரொக்கமாகவோ பிள்ளைகள் பேரில் செய்துவிடுங்கள், நாங்களாக எதையும் கேட்கவில்லை" என்றார். அன்றைய பவுன் விலையை ஒரு பையன் கைப்பேசியில் பார்த்துச் சொன்னான். ஒரு துண்டுக் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தார்கள். பொன் அந்த வீட்டில் ஒரு குண்டுமணி அளவுகூட இல்லை. ஆனால் எல்லாரும் பேசியது பொன்னைப் பற்றித்தான்.

சி.எஸ்.ஐ. வீடுகளில் இது நடப்பதில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே நகையும் உண்டு, ரொக்கமும் உண்டு. அவற்றுக்கு மேலே, கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறார் என்ற வசனமும் உண்டு.

இந்த வசனத்தின் நிழலில் நின்றவர்கள் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் நகைக்காரர்கள் மட்டும் அல்லர். 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, சந்நியாசியைப் போல வாழ்ந்து, உயர்குலத்தாரிடையே மறைபரப்பினார். பூணூலும் குடுமியும் சந்தனமும் குலத்தின் அடையாளங்களே, சமயத்தின் அடையாளங்கள் அல்ல, ஆகையால் கிறிஸ்தவராகிறவர் அவற்றை விட வேண்டியதில்லை என்பது அவருடைய வாதம். மதுரையில் அவருக்கு முன்பிருந்தே பணியாற்றிய கொன்சாலோ பெர்னாந்தஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார். விவகாரம் கோவாவுக்கும் ரோமுக்கும் போய், 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி நொபிலியின் பக்கம் தீர்ப்பளித்தார். பூணூல் வெளிப்புறம் என்று முடிவாயிற்று. ஆனால் அந்த வெளிப்புறத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்ன? உயர்குலத்தாருக்குத் தனிக் கோயில், தனிக் குருமார். தாழ்த்தப்பட்டோருக்கு வேறு குருமார் என்ற ஏற்பாடு. அதே தீர்ப்பில், குலப்பெருமை கொண்டவர்கள் எளியவர்களை இகழாதிருக்கும்படியும் கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது. அனுமதிதான் நடைமுறைக்கு வந்தது, வேண்டுகோள் காகிதத்தில் கிடந்தது. நொபிலியின் தமிழையும் தவத்தையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் உடுத்திய காவி யாருக்கும் தீங்கு செய்யவில்லை. காவிக்கும் தனிக் கோயிலுக்கும் ஒரே விதியைப் பொருத்தி, இரண்டும் வெளிப்புறந்தானே என்று விட்டதில்தான் கோளாறு.

இருநூறு ஆண்டுகள் கழித்துத் தஞ்சாவூரில், சீர்திருத்த சபையிலும் இதே முடிச்சு விழுந்தது. ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் சரபோஜி மன்னருடன் சேர்ந்து கல்வி கற்ற வேதநாயகம் சாஸ்திரியார், இன்றும் எங்கள் கோயில்களில் பாடப்படுகிற கீர்த்தனைகளைத் தந்தவர். 1820களில் வந்த புதிய மிஷனரிகள் மீது அவர் அடுக்கிய குற்றச்சாட்டுகளில் நான்கு முக்கியமானவை: பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், கலியாணத்திலும் சாவிலும் பூவையும் அலங்காரத்தையும் விலக்குகிறார்கள், தமிழ்க் கீர்த்தனையையும் வாத்தியத்தையும் ஆராதனையிலிருந்து தள்ளுகிறார்கள், எல்லாச் சாதியாரையும் கலந்து உட்காரும்படி கட்டாயப்படுத்துகிறார்கள். இந்தப் பட்டியலை வாசிக்கும்போது எனக்கு ஒருபுறம் அவர் மேல் பெரும் மரியாதையும் மறுபுறம் தாங்க முடியாத வருத்தமும் உண்டாகிறது. பூவையும் பாட்டையும் பற்றி அவர் சொன்னது முற்றிலும் சரி. மல்லிகையைக் கண்டு மிரண்ட அந்த ஐரோப்பியர்கள்தாம் வெளிப்புறத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். ஆனால் இருக்கையும் பூவும் அவருக்கு ஒரே தட்டில் இருந்தன. இரண்டும் தேச வழக்கம், இரண்டும் வெளிப்புறம். பூ யார் தலையில் இருந்தாலும் பக்கத்தில் இருக்கிறவரைத் தாழ்த்துவதில்லை என்பதும், கோயிலுக்குள் விடப்பட்ட அந்த இடைவெளியில் ஒரு முழுச் சமூகத்தின் அவமானம் உட்கார்ந்திருந்தது என்பதும் அத்தனை பெரிய கவிஞருக்குப் படவில்லை.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைத் திருச்சபைக்குள் உடனடியாகவும் முற்றாகவும் விட்டுவிட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். வெளிப்புறம் என்றும், அற்பக் காரியம் என்றும் தாங்களே சொன்ன ஒன்றுக்காக ஞானஸ்நானம் பெற்ற கோயிலையே விடுவார்களா என்று கேட்டால், விடுவார்கள். எது உண்மையில் உட்புறத்தில் இருக்கிறது என்பது, அதை விடச் சொல்லும்போதுதான் தெரிய வரும்.

கட்டடமாகவே எழும்பி நின்ற சான்றும் நம்மிடம் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட கத்தோலிக்கக் கோயில், பீடத்திலிருந்து இரண்டு கிளையாகப் பிரிந்து போகிறது. வெள்ளாளருக்கு ஒரு கிளை, நாடாருக்கு ஒரு கிளை. இரு பக்கத்தாருக்கும் குருவானவர் தெரிவார், ஒருவரையொருவர் தெரியாது. நடுவில் இருந்த தடுப்பு 1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அகற்றப்பட்டது. அதற்காக வழக்கு நடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தடுப்பைத் திரும்பக் கேட்டவர்களுக்கு அங்கே வெற்றி கிடைக்கவில்லை. பூசைக்குப் போய்க்கொண்டே வழக்கும் நடத்தியவர்கள் எல்லாரும் நயவஞ்சகர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தங்கள் பக்தி உண்மையானது என்று அவர்கள் மனதார நம்பியிருப்பார்கள். பயமுறுத்துவது அதுதான்.

இதற்கு நேர் எதிரான ஒரு வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியக்கூடாது என்ற வழக்கம் இருந்தது. 1813இல் திருவிதாங்கூரின் திவானாயிருந்த ஆங்கிலேயர் கர்னல் மன்றோ கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்ற சட்டை அணியலாம் என்று உத்தரவிட்டார். அதன் பிறகு பெண்களின் ஆடை சந்தையிலும் தெருவிலும் கிழிக்கப்பட்டது; கோயில்களும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டன. 1859 ஜூலை 26ஆம் தேதி மகாராஜாவின் பிரகடனம் மார்பை மறைக்கும் உரிமையை ஒப்புக்கொண்டது. அப்போதும், உயர்சாதிப் பெண்கள் அணிகிற முறையில் அணியக்கூடாது என்ற நிபந்தனை போகவில்லை. அந்தப் பெண்களிடம் யாராவது போய், "அம்மா, உடை வெளிப்புறந்தானே, கர்த்தர் உங்கள் இருதயத்தை அல்லவா பார்க்கிறார்?" என்று சொல்லியிருந்தால் அது எவ்வளவு கொடூரமாக இருந்திருக்கும்! ஒரு முழத் துணி அவர்களுக்கு மனுஷித்தன்மை. வெளிப்புறம் எல்லாம் அற்பம் என்று பேசுகிறவர்கள், பெரும்பாலும் தங்கள் வெளிப்புறத்தை யாரும் ஒருபோதும் பறித்திராதவர்கள்.

ஆகவே உள்ளம், புறம் என்ற பிரிவினையை வைத்துக்கொண்டு நாம் வெகுதூரம் போக முடியாது என்றே நினைக்கிறேன். யூத சமயப் பிரிவினரான பரிசேயரை இயேசு கண்டித்த மத்தேயு 23ஆம் அதிகாரத்தை அந்தப் பிரிவினைக்கே ஆதாரமாகக் காட்டுவார்கள். போஜனபான பாத்திரங்களின் வெளிப்புறத்தைக் கழுவுகிறீர்கள், உட்புறமோ நிறைந்திருக்கிறது என்கிறார். எதனால் நிறைந்திருக்கிறது? கொள்ளையினாலும் அநீதத்தினாலும். பாத்திரத்துக்குள் இருக்கிற அழுக்கு ஒரு மனநிலை அல்ல. அந்தச் சாப்பாடு யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதுதான் அழுக்கு. இதே கண்டனத்தை லூக்கா 11ஆம் அதிகாரத்தில் சொல்லும்போது, உட்புறத்தைச் சுத்தமாக்குவது எப்படி என்பதையும் இயேசு சொல்லிவிடுகிறார். இன்னும் ஆழ்ந்து தியானியுங்கள் என்று சொல்லவில்லை. உங்களுக்கு உண்டானவைகளில் பிச்சை கொடுங்கள், அப்பொழுது சகலமும் உங்களுக்குச் சுத்தமாயிருக்கும் என்கிறார். மாற்கு 7இல் இருதயத்திலிருந்து புறப்படுகிறவை என்று அவர் அடுக்குகிற பட்டியலும் அப்படித்தான்: கொலை, களவு, விபசாரம், பொருளாசை, கபடு, வன்கண். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எதிரே பாதிக்கப்பட்ட இன்னொரு மனிதர் நிற்கிறார். அதற்குச் சற்று முன்புதான் கொர்பான் விவகாரம் வருகிறது: பெற்றோருக்குப் போக வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிக் கைகழுவுகிற மகனைப் பற்றிய பேச்சு. வயதான தகப்பனை மாதம் ஒரு பிள்ளை வீடு என்று முறைவைத்து அனுப்பிவிட்டு, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயைப் பல ஆயிரத்துக்கு எடுக்கிறவர்கள் எங்கள் சேகரங்களில் (சபை வட்டாரங்களில்) அபூர்வம் அல்லர். மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் அன்பளித்தவர் பெயரை எழுதிவைக்கிற வழக்கமும் நம்முடையதே. சுற்றும்போது வாசிக்க முடியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அதே மத்தேயு 23இல் பரிசேயரை இயேசு ஒப்பிடுகிற வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகள் என்ற சொல்லையும் நாம் கொஞ்சம் அவசரமாகவே கடந்து போகிறோம். அக்கால யூதர்கள் கல்லறையை அழகுக்காக மட்டும் வெள்ளையடிக்கவில்லை. பஸ்கா பண்டிகைக்கு முந்திய மாதத்தில், தூரத்திலிருந்து எருசலேமுக்கு வருகிற யாத்திரிகர் தெரியாமல் கல்லறையை மிதித்துத் தீட்டுப்பட்டுவிடக்கூடாது என்று அடையாளமாகச் சுண்ணாம்பு பூசினார்கள். கிட்டே வராதே என்ற எச்சரிக்கை அது. நாமும் பூசுகிறோம். அக்டோபர் கடைசி வாரத்தில் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால், வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து நீலம் கலந்து, தென்னை நார் மட்டையால் ஆட்கள் பூசிக்கொண்டிருப்பார்கள். பெயரெழுத்துகளின் மேல் வழிந்ததைச் சின்னப் பிள்ளைகள் குச்சியால் சுரண்டி எடுப்பார்கள். கல்லறைத் திருநாளான நவம்பர் 2ஆம் தேதி மாலையில் மெழுகுவர்த்தியும் சாமந்தியுமாகத் தோட்டமே மின்னும். அன்பினால் செய்யப்படுகிற அழகான வெளிப்புறம் அது. அதைக் குறைசொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே, தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அதை அகற்றக் கோரிப் பல ஆண்டுகளாகப் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. இறந்தவர்களுக்குச் சாதி பார்க்கிற சுவரைக் கட்டியவர்களிடம் கேட்டாலும், அது வெறும் நிர்வாக ஏற்பாடு, எங்கள் மனதில் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

கோயில் அசனத்தை நான் பெரிதாக நினைப்பதும் இதனால்தான். மூட்டை மூட்டையாக அரிசி வடித்து, அண்டாக்களில் குழம்பு வைத்து, ஊர் முழுவதையும் தரையில் வரிசையாக உட்காரவைக்கிற அந்த விருந்தில், பக்கத்தில் யார் என்று தேர்ந்தெடுக்க முடியாது. மனம் மாறியிருக்கிறதா என்று யாரும் சோதித்துப் பார்த்துப் பந்தியில் அமர்த்துவதில்லை. முதலில் உடம்பு போய் உட்காருகிறது. மனம் பின்னாலே வந்தாலும் வரலாம். வராவிட்டாலும், பக்கத்தில் இருக்கிறவருக்கு அன்று ஒரு வேளை மரியாதையான சாப்பாடு கிடைத்துவிட்டது. என் புகுந்த வீட்டாரின் வெறுங்காதிலும் இதே நன்மை இருக்கிறது என்று மேலே சொன்னேன். வெளிப்புறத்தில் செய்கிற ஒழுங்கு அடுத்தவரின் பாரத்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்று கேட்டால், நகையா வெறுங்காதா என்ற பழைய வாக்குவாதத்தில் பாதி தானாகவே அடங்கிவிடும்.

மீதிப் பாதி அடங்காது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அது பணத்தைத் தொடுகிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. அதைப் பற்றி ஆண்டில் ஒரு ஞாயிறாவது பிரசங்க பீடத்திலிருந்து பேசுங்கள் என்று ஒருமுறை எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர்; சற்று யோசித்துவிட்டு, "அது ஒவ்வொருவருடைய மனசாட்சியைப் பொறுத்தது அம்மா, ஆண்டவர் இருதயத்தைப் பார்க்கிறார்" என்றார். எங்கள் கோயிலில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் குமாரனுக்கும் இன்னாரின் குமாரத்திக்கும் விவாகம் செய்ய நிச்சயித்திருக்கிறது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் தெரிவிக்கலாம் என்று சபை முழுவதையும் பார்த்துக் கேட்பார்கள். எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம் என்பது பெரும்பாலும் அதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும். யாரும் எழுந்ததில்லை. ஐயர் காகிதத்தைத் திருப்பிவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போவார். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு.